ரங்கூனிலிருந்து வந்த பிள்ளை

விழித்ததும் பாயைச் சுருட்டினேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தேன். முகம் மழித்தேன். சட்டை போட்டேன். வழக்கமாக அதன்பின் துறைமுகத்துக் கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்குப் போவேன். இன்று லீவு. மைத்துனன் ஞானதுரை வந்ததும் இருவரும் ராயபுரத்துக் கன்னிமாடத்துக்கு நடந்தோம். மியாவை எனக்குத் தருவார்களா என்று கேட்க.

மியாவுக்கு நான்கு வயது. பர்மாக்காரி. யுத்தத்தில் பெற்றோர் இறந்த பிறகு, பக்கத்து வீட்டுத் தமிழர் ஒருவர் அவளைத் தூக்கிக்கொண்டு ரங்கூனில் கப்பலேறினார். சென்னையில் இறங்கிய சில நாளில் அவரும் இறந்தார். பிள்ளை கன்னிமாடத்து விடுதிக்கு வந்தாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மனைவி தங்கபுஷ்பம்தான் மியாவை வளர்க்கலாமா என்று முதலில் கேட்டாள். விடுதியைப் பார்த்துக்கொண்ட சிலுவையம்மாள் ஒரு நிபந்தனை வைத்தார்.

"யார் கையிலயும் சாப்பிட மாட்டேங்கிறா. உங்க கையில சாப்பிட்டா அனுப்புறேன்."

அன்றோடு தங்கபுஷ்பத்துக்குத் தூக்கம் போயிற்று. எதிர்வீட்டுக் குப்பம்மா புருஷனோடு ரங்கூனில் இருந்துவிட்டு வந்தவள். அவளிடம் பாஷை கற்கப் போனாள்.

"'லா'ன்னா வா. 'தமின் சா'ன்னா சோறு துண்ணு. அவ்ளோதான். திட்றதுக்கு வேணா நெறைய கீது. இப்பவே கத்துக்கினா பின்னால ஒதவும்."

தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. "அதுக்கு நம்ம கண்ணு ரொம்பப் பெருசாத் தெரியுமோ? பயந்திருமோ?"

"உன் கண்ணப் பாத்து உன் வூட்டுக்காரரே பயப்படல. அது இன்னா பயப்படப் போவுது?"

ஞாயிறுதோறும் பிஸ்கட் டின்னோடு போனோம். ஊரில் தங்கபுஷ்பத்தின் அப்பாவுக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். எங்கள் வீட்டிலும் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி இருந்தது. அதை மட்டும் கொண்டுபோகக் கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே எண்ணம்.

"பனையேறி வீடுன்னு நெனச்சு பிள்ளையத் தராமப் போயிருவாக" என்றாள்.

மியா பிஸ்கட்டைத் தொடவில்லை. பாலைத் தட்டிவிட்டாள். "லா" என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு, விடுதியிலிருந்து நேரே ஞானதுரை வீட்டுக்குப் போவதாக இருந்தோம். அவனுக்காகத் தங்கபுஷ்பம் பையின் அடியில் ஒரு கருப்பட்டியைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். மியா வாசனை பிடித்து வந்தாள். பைக்குள் கைவிட்டாள். தங்கபுஷ்பம் சிலுவையம்மாளைப் பார்த்துக் கூசிப்போனாள். மியா துணியைப் பிரித்து, கருப்பட்டியை அவளிடமே நீட்டினாள். உடைத்துத் தரச் சொல்கிறாள். தங்கபுஷ்பம் உடைத்து உடைத்து நீட்டினாள். மியா துண்டு துண்டாக அவள் கையிலிருந்தே வாங்கித் தின்றாள்.

குப்பம்மா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அங்க எங்க பாத்தாலும் பனமரந்தானே. சோறு துண்ணா, ஒரு துண்டு பன வெல்லம் வாயில போடாம எந்திரிக்காதுங்க. என்னாண்ட கேட்டிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பேனே."

அடுத்த வாரம் அழைத்துப் போகலாம் என்றார் சிலுவையம்மாள். அதற்குள் தங்கபுஷ்பத்துக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு. ஆஸ்பத்திரியில் இறந்தாள். அது போன மாதம்.

இன்று சிலுவையம்மாள் எங்களை உட்காரச் சொன்னார்.

"தனி ஆம்பளைகிட்ட பொம்பளைப் பிள்ளையக் குடுக்கிறதில்ல தம்பி."

ஞானதுரை முந்திக்கொண்டான். பகலில் தன் மனைவி பார்த்துக்கொள்வாள் என்றான். சிலுவையம்மாள் அசையவில்லை. "அக்கா கடைசியாச் சொன்னதே அதுதாம்மா" என்றான். "'மியாவ விட்டுராதீக, நீங்களே வளங்க'ன்னு அத்தான் கையப் புடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு."

அவன் அப்போது ஆஸ்பத்திரியில் இல்லை.

சிலுவையம்மாள் என்னைப் பார்த்தார். "அப்படியா சொன்னா?"

ஆமாம் என்றால் தந்துவிடுவார் போலிருந்தது. ஞானதுரை என் காலை மிதித்தான்.

"இல்லை" என்றேன். "வேற சொன்னா."

"என்ன சொன்னா?"

தண்ணீர் கேட்டாள். கொஞ்சம் குடித்தாள். பிறகு சொன்னது இவ்வளவுதான்.

"நம்ம வீடு அதுக்குப் புடிக்கலன்னா, அழவிடாம திருப்பிக் கொண்டுபோய் விட்ருங்க. என்ன?"