அவருக்கும் ஒரு பிரதி

2017 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஜப்பானின் நீகாத்தா நகரக் குடும்ப நீதிமன்றத்துக்கு மிசாவோ வக்கீல் இல்லாமல் வந்தாள்.

வயது ஐம்பத்தொன்பது. முப்பத்திரண்டு வருட மணவாழ்க்கையில் சம்பளம் வாங்கியவர் கணவர் குனிஹிகோ மட்டும்தான். அவருடைய ஓய்வுப் பணத்திலும் வீட்டிலும் பாதி தனக்குரியது என்பதை அவளேதான் எடுத்துச்சொல்ல வேண்டும். கிடைக்காவிட்டால், கடைசிவரை அக்கா வீட்டுப் பின்னறைதான். "வக்கீல் எதுக்குடி? முப்பது வருஷமா அந்த மனுஷன்கிட்ட வாதாடினவ நீ. அந்த அனுபவம் போதாதா?" என்று அக்கா சிரித்திருந்தாள்.

ஆகவே மனுவை அவளே எழுதினாள், நான்கு பக்கம். மூன்றாம் பக்கம் முழுக்க அவருடைய புரோஸ்டேட் அறுவைக்குப் பிந்தைய இரண்டு வருடங்கள்: சிறுநீர் அடங்காமல் போனது, அலுவலக விருந்திலிருந்து நனைந்து திரும்பியது, குளியலறையில் அழுதது, அவள் துவைத்தது. தேதி போட்டு எழுதினாள். உழைப்புக்குச் சான்று வேண்டுமே. நீதிமன்றத்தில் இரண்டு பிரதி கேட்டார்கள். சமரசம் பேசுபவர்கள் இரண்டு பேர், ஆளுக்கொன்று என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் குனிஹிகோவை அழைத்துப் பேசினார்கள். அதுவரை அவள் வேறு அறையில் காத்திருந்தாள். அவளை அழைத்தபோது, சமரசம் பேசும் இருவரில் ஒருவரான செகாவா அம்மாள் அவளை உட்காரச் சொன்னார். எல்லாவற்றிலும் பாதிக்கு அவர் ஒத்துக்கொண்டுவிட்டாராம். மனப்பாடம் செய்துவந்த வாதத்துக்கு வேலையே இல்லாமல் போனது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டார்," என்றார் செகாவா, குரலைத் தணித்து. "அந்த மூணாம் பக்கத்தை எடுத்துட முடியுமான்னு."

"அவர் எப்படி அதை..."

"ஒரு பிரதி எதிர்த்தரப்புக்குப் போகும்மா. அதுக்குத்தானே ரெண்டு கேக்கறது," என்றார் பக்கத்திலிருந்த இன்னொருவர், உராபே, காகிதத்தைப் பார்த்தபடி.

மிசாவோவின் காது மடல்கள் சுட்டன. சொந்தத் தம்பியிடம்கூட அவர் சொல்லாத விஷயம். பக்கத்து வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று மழையில்லாத நாளிலும் அந்தத் துணிகளை உள்ளறையில் உலர்த்தியவள், இங்கே கொண்டுவந்து கொடியில் போட்டிருக்கிறாள்.

"நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாங்கலாம். ஆனா நாங்க படிச்சிட்டோம். அவரும் படிச்சிட்டார்."

பாதி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பின்னறையின் ஈரச் சுவர் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

நீதிபதி வந்ததும் இருவரையும் ஒரே அறைக்கு அழைத்தார்கள். உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. குனிஹிகோ கோட்டை மடித்து மடிமேல் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். நிபந்தனைகளை நீதிபதி வாசித்து, சம்மதமா என்று கேட்டார். இருவரும் சம்மதம் என்றார்கள். பதினொன்று ஐம்பதுக்கு விவாகரத்து பதிவானது. பணமும் வீடும் ஆளுக்குப் பாதி.