டைல்ஸ் லாரிக்கு ராஜமரியாதை

வீடியோ கூட்டத்தின் திரையில், பக்கத்து நாட்டு அதிகாரியான மீசைக்காரர் கைதட்டினார். சத்தம் சற்றுப் பொறுத்துத்தான் வந்தது. அதற்குள் இந்தப் பக்கத்தில் சுங்கத்துறைப் பெரியவர் பதிலுக்குத் தட்ட ஆரம்பித்துவிட, அதைப் பார்த்து மீசைக்காரர் மறுபடி தட்டினார். யார் முதலில் நிறுத்துவது என்பது பற்றி இரண்டு நாட்டுக்கும் இன்னும் உடன்படிக்கை ஆகவில்லை. சுங்கத்துறை ஆய்வாளர் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த கைபேசியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

போதைச் சரக்கு கடத்துகிறவன் ஒரு போன் அடித்தால் போதும், மூன்று துறைமுகம் தாண்டிச் சரக்கு நகரும். அவன் நாள் பார்ப்பதில்லை, முறைத்துக்கொள்வதில்லை, பங்காளியின் பெயர் முதலில் வந்துவிட்டதே என்று புழுங்குவதுமில்லை. அவனைப் பிடிக்கக் கைகோத்தவர்களோ, எந்தக் கொடி இடப்பக்கம் நிற்பது என்பதற்கே ஒரு மழைக்காலத்தைத் தின்றுதீர்த்தார்கள். கத்தரிக்காய் விற்கிறவளும் வாங்குகிறவளும் இதைவிடச் சீக்கிரம் பேசி முடித்திருப்பார்கள் என்று அவள் ஒருமுறை வாய்விட்டே சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர். அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

ஒருவழியாக முடிவானது இதுதான். டைல்ஸ் ஏற்றிய ஒரு லாரி, உள்ளே போதைச் சரக்கோடு, ஒன்றுமறியாதது போல எல்லையைத் தாண்டும். அந்தப் பக்கத்து ஆட்கள் மஃப்டியில், தூரத்தில் ஒரு வேனில், பின்தொடர்வார்கள். கிடங்கில் சரக்கை வாங்க வருகிறவனைக் கையும் களவுமாகப் பிடிப்பார்கள். லாரி ஓட்டுகிறவர் அவளுடைய தங்கை புருஷன். "நாலு பெட்டி மட்டும் புது டேப்பா இருக்குக்கா, தூக்கினா டைல்ஸ் கனமே இல்ல" என்று அவள் வீட்டு அடுப்படியில் வந்து நின்று அவராகத்தான் சொன்னார். சொன்னதோடு அவரை விட்டிருக்கலாம். அவள்தான் "தெரியாத மாதிரி ஓட்டிட்டுப் போயிடுங்க தம்பி" என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள். ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது என்று தங்கையிடம் சத்தியம் செய்ததும் அவள்தான். "அவருக்கு ஏதாவது ஆச்சு, அப்புறம் எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்ல" என்று தங்கை சொன்னாள், பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இப்போது திரையில் படம் மாறியது. எல்லைச் சாவடி. வாயிலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சீருடையில் நாலு மோட்டார் சைக்கிள்கள், தலைக்கு மேல் சுழலும் நீல விளக்கோடு. பின்னால் ஒரு ஜீப். ஜீப்புக்கு முன்னால் ஒரு அதிகாரி, கையில் பூங்கொத்து.

"சார், என்ன இது?" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். "போன கூட்டத்துல நம்ம சார், 'எங்க டிரைவர் உங்க விருந்தாளி'ன்னு சொன்னாரில்ல மேடம்? அவங்க ஊர்ல விருந்தாளியத் தனியா அனுப்புறது கௌரவக் குறைச்சலாம். கிடங்கு வாசல் வரைக்கும் சைரனோட கொண்டுபோய் விடுவாங்களாம்."

பெரியவரின் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா, என்ன ஒரு பெரிய மனசு!"

"சார், கடத்தல்காரனுங்க ஆளு சாவடியில எப்பவும் ஒருத்தன் நிப்பான். இவரு போலீஸ் ஆளுன்னு நெத்தியில எழுதி ஒட்டுற மாதிரி இருக்கு. சைரனை நிறுத்தச் சொல்லுங்க."

"பூவோட நிக்கிறவரப் போன்னு சொல்ல முடியுமா? ரெண்டு நாட்டு உறவு."

"எனக்கும் உறவுதான் சார். தங்கச்சி புருஷன்."

மொழிபெயர்ப்பாளர் அந்தப் பக்கத்திடம் கேட்டேவிட்டார். மீசைக்காரர் நெஞ்சில் கைவைத்து நெடுநேரம் பேசினார். சுருக்கம்: மரியாதையை ரத்து செய்ய இரண்டு நாட்டுக்கும் பொதுவான இணைப்பு அலுவலகம் எழுத்தில் கேட்க வேண்டும். இணைப்பு அலுவலகத்துக்கு இன்றைக்கு விடுமுறை.

அவள் எழுந்து நடைக்கூடத்துக்கு வந்தாள். தங்கை புருஷனுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எங்க இருக்கீங்க தம்பி?"

"க்யூவுல, நம்ம பக்கந்தான்கா. அடுத்தது என் வண்டி. யாரோ மந்திரி வர்றாரு போல, ஒரே சைரன்."

"மந்திரி இல்ல. அது உங்களுக்கு."

"எனக்கா? என் கல்யாணத்துக்கே நான் ஆட்டோல போனவன்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. லாரியை நிறுத்தினால் கிடங்கில் இருப்பவன் தப்பிவிடுவான், இத்தனை மாத உழைப்பும் ஆற்றில் கரைத்த புளி, அவள் உத்தியோகத்துக்கும் உத்தரவாதமில்லை. நிறுத்தாவிட்டால், பாத்திரம் துலக்கும் அந்த முதுகு.

"சாவடிக்குத் தெரியாத பக்கத்துக் கதவால இறங்குங்க. ஓடாதீங்க, சும்மா நடங்க. எந்த பஸ் வந்தாலும் ஏறிடுங்க."

"சரக்கு?"

"நம்ம சாவடிக்காரங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன், வந்து சீல் வெப்பாங்க."

"ஓனரு என்னைக் கொன்னேபுடுவான்கா."

"அவன் கொல்லுவேன்னு சொல்றவன். கிடங்குல இருக்கறவன் சொல்ல மாட்டான். இறங்குங்க தம்பி."

சாவடிக்கும் பேசிவிட்டு அவள் உள்ளே வந்தபோது பெரியவர் மேல்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். வாயில் திறந்தது. மோட்டார் சைக்கிள்கள் உறுமின. லாரி அசையவில்லை. பின்னாலிருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. விருந்தாளியின் முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் கேமராக்காரர் முன்கண்ணாடியை நெருக்கிக் காட்டினார். ஸ்டியரிங் மட்டும் இருந்தது.

"டிரைவர் எங்கே?" என்றார் பெரியவர், அவளைப் பார்க்காமல், திரையைப் பார்த்தே.

படத்தின் ஓரத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. லாரிக்குப் பின்னாலிருந்து கட்டம்போட்ட சட்டை ஒன்று வெளிப்பட்டு, அவசரமில்லாமல், பஸ்ஸை நோக்கி நடந்தது. சாலையோர மைல்கல்லில் உட்கார்ந்திருந்த ஒருவன், அதுவரை அவள் கவனிக்காதவன், எழுந்தான். வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு அவனும் அதே பஸ்ஸை நோக்கி நடந்தான்.

அங்கே படம் உறைந்தது. மொழிபெயர்ப்பாளர் ரிமோட்டைக் குலுக்கினார். திரையில் திறந்த பஸ் கதவு, படியில் ஊன்றிய ஒரு கால். யாருடையது என்று தெரியாதபடி கதவு மறைத்திருந்தது. முன்னால், சாலைக்கு நட்டநடுவில், பூங்கொத்தை நீட்டியபடி அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே நின்றார்.