ஸ்ட்ரெச்சரில் வாய் திறக்காதவர்

போர் அருங்காட்சியகத்தில் அன்று குடும்ப தினம். காயம்பட்டவராக ஒருவரைப் படுக்கவைத்து இருவர் தூக்கி ஓடும் ஸ்ட்ரெச்சர் ஓட்டத்தில் ஜெயிக்கும் குடும்பத்துக் குழந்தைக்குப் பழைய டாங்கியில் ஒரு சுற்று சவாரி. ஒரே ஒரு குழந்தைக்குத்தான். தையல்காரியின் ஒன்பது வயது மகள் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. அந்தப் படபடப்பு அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது.

"காயம்பட்டவர் பேசக் கூடாது. ஒரு வார்த்தைக்கு அஞ்சு செகண்ட் அபராதம்!" என்றார் நடுவராக நின்ற முன்னாள் ராணுவ நர்ஸ். அடுத்த விதியை அவர் படிக்கும்போது டாங்கியை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். அந்த உறுமலில் ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லை.

காயம்பட்டவர் யாரென்று நினைக்கிறீர்கள்? தையல்காரியின் கணவர். தெருவில் அவருக்குப் பெயர் ரேடியோ. தூக்கத்தில்கூட யாருக்காவது வழி சொல்லும் மனிதர். ஆனால் அவள், அவள் தம்பி, அவர் என்ற மூன்று பேரில் அவர்தான் எடை குறைவு, வேறு வழியில்லை.

"மாமா, வாயத் தொறந்தீங்க, அப்படியே கவுத்துடுவேன்," என்றான் அவள் தம்பி.

"நான் எதுக்குடா பேசப்போறேன்? நேத்து ராத்திரியே உங்கக்காகிட்ட..."

விசில் ஒலித்தது. முன்னால் அவள், பின்னால் தம்பி. மணல் மூட்டைகளைத் தாண்டினார்கள். பதுங்குகுழிக்குள் குனிந்து ஓடினார்கள். மற்ற காயக்காரர்கள் கத்து கத்தென்று கத்தினார்கள். ஒரு திருப்பத்தில் தம்பி இடறினான். ரேடியோவின் முழங்கை கம்பத்தில் ணங்கென்று இடித்தது. ஸ்ட்ரெச்சரிலிருந்து சத்தமே இல்லை.

எல்லைக் கோட்டுக்குப் பத்தடி. இவர்கள்தான் முதலில்! மகள் குதித்துக்கொண்டிருந்தாள். அம்மாவோ திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் இந்த மனிதர் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததே இல்லை.

ஸ்ட்ரெச்சரைத் தொப்பென்று கீழே வைத்தாள். "என்னங்க! என்ன ஆச்சுங்க?" என்று நாடியைப் பிடித்தாள்.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, கோட்டைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினார். அதற்குள் இரண்டு குடும்பங்கள் தாண்டிப் போய்விட்டன. மறுபடி தூக்கிக்கொண்டு ஓடி, மூன்றாவதாகத்தான் கோட்டைத் தாண்டினார்கள்.

மகளின் முகம் சுருங்கிப்போனது. "எல்லாம் என்னாலதான்டி," என்றாள் அம்மா.

நர்ஸ் தாளைப் புரட்டினார். "ரெண்டாவது விதி. வழியில ஒரு தடவையாவது நிறுத்தி, காயம்பட்டவர் எப்படி இருக்கார்னு பாக்கணும். பாக்கலேன்னா ஒரு நிமிஷம் அபராதம். இன்னிக்குப் பாத்தது ஒரே ஒரு குடும்பம்."

மகள் போட்ட கூச்சலில் டாங்கியின் உறுமல்கூட எடுபடவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில், முழங்கையில் கட்டோடு ரேடியோ ஆரம்பித்தார். வழக்கமாக மனைவி இரண்டாவது நிறுத்தத்திலேயே "போதுங்க" என்பாள். இன்று அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது, "அப்புறம்?" என்றாள்.