ஈயப்பட்டியில் போட்ட முடிச்சு

நாவற்குடாக் கரையில் வள்ளம் இன்னும் மணலில்தான் கிடந்தது. அதன் முன்புற அணியத்துப் பலகையில் குந்தியிருந்து அருளப்பு சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். கல்லிடுக்கில் வெளிச்சம் அடிக்க டோச், கத்தி, ஆழம் காட்டும் வட்டு, பிடித்த மீனைப் போட ஒரு வலைப்பை. முதுகுக்குக் காற்றுச் சிலிண்டர், ஆளை ஆழத்துக்கு இறக்க இடுப்புக்கு ஈயக்கட்டி கோத்த பட்டி வேறு. கலியாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு சோடனை கிடையாது.

போன மாரியில் அவனுடைய வலை கடலடிப் பாறைத்திட்டான கற்பாரில் சிக்கி நாராகிப்போனது. அன்றிலிருந்து வேர்னன் துரையின் வள்ளத்தில்தான் சீவியம். மட்டக்களப்பு டவுனில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் அவர்; கடலுக்கடியில் சுழியோடுவதில் பைத்தியம். லீவுக்கு வரும் கொழும்புக் கனவான்களைக் கூட்டிப்போய் அந்தக் கற்பாரில் இறக்கிக் களவாய் ஈட்டியால் மீன் குத்தப் பழக்குவார். சாமான்களைச் சுமப்பதும், வள்ளத்தில் அடுக்குவதும், இறங்குகிறவரின் உடம்பில் மாட்டிவிடுவதும் அருளப்புவின் வேலை.

போன கிழமைவரை அவன் எதையும் கட்டியதில்லை. ஈயப்பட்டியில் செருகிவிடுவான், அவ்வளவுதான். அன்று கொழும்பில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் ஒருவர் டோச்சோடு இறங்கி, டோச் இல்லாமல் ஏறினார். தான் அதை எடுத்துப் போகவேயில்லை, வள்ளத்தில் வைத்துவிட்டுத்தான் இறங்கியதாக இங்கிலீசில் சாதித்தார். கரைக்கு வந்ததும் வேர்னன் துரை தொண்டையைச் செருமினார்.

"குறை நினைக்காத அருளப்பு. அந்த உமலக் கொஞ்சம் கவுத்துக் காட்டு."

கரையில் மீனுக்குக் காத்து நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குள் அவன் பெண்சாதி மக்டலினும் நின்றாள். அருளப்பு தன் ஓலைப்பையை மணலில் கவிழ்த்தான். சம்பல் டப்பா ஒன்று உருண்டது. கடித்து மிச்சம் வைத்த ரொட்டித்துண்டு விழுந்தது. முதுகு கிழிந்த சட்டை விழுந்தது. பிரக்கிராசியார் அந்தச் சட்டையைக் கால் விரலால் புரட்டிப் பார்த்தார். டோச் இல்லை. ஆனால் இல்லை என்று யாரும் வாய் திறந்து சொல்லவுமில்லை. மானம் கப்பலேறியது அப்போதுகூட முழுதாக அவனுக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் மக்டலின் மெதுவாகக் கேட்டாள்:

"நீங்க எடுக்கல்லத்தானே?"

அருளப்பு உமலை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.

இன்றைக்கு அதே பிரக்கிராசியார் புது டோச்சோடு வந்திருந்தார். அருளப்பு வலை பின்னும் தங்கூசி நைலோன் நூலை எடுத்து ஒவ்வொன்றாகக் கட்டினான். இழுக்க இழுக்க இறுகும் வலை முடிச்சு. கத்தி உறையிலிருந்து நழுவிவிடுமோ என்று பிடியையும் உறையையும் சேர்த்துச் சுற்றினான். எல்லாவற்றையும் ஈயப்பட்டியில் பிணைத்து, நூலின் நுனியைச் சிலிண்டர் வாரிலும் போட்டு இறுக்கினான். அந்தப் பட்டியின் கொளுக்கி ஒரு தட்டுத் தட்டினால் திறந்துகொள்ளும். ஏன் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அது ஒரு குறை என்றே அவன் நினைத்திருந்தான்.

வள்ளம் தள்ள வந்த மக்டலினின் தம்பி மத்தேயு சிரித்தான். "என்ன மச்சான், மாட்டையா கட்டுறீங்க?"

"இண்டைக்கு ஒரு சாமானும் போகாது, பாத்துக்க."

வேர்னன் துரை எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கட்டியதை அவர் கவனிக்கவில்லை. மத்தேயு வள்ளத்தைத் தள்ளிவிட்டுக் கரையில் நின்றான்.

கற்பாருக்கு மேலே துரையும் பிரக்கிராசியாரும் இறங்கினார்கள். அருளப்பு குமிழிகளைப் பார்த்தபடி இருந்தான். நெஞ்சுக்குள் கொஞ்சம் சந்தோசம்கூட இருந்தது. திடீரென்று குமிழிகள் கூட்டமாகப் பொங்கின. பிரக்கிராசியாரைப் பின்னாலிருந்து பிடித்தபடி வேர்னன் துரை மேலே வந்தார். மற்றவரின் வாயில் காற்றுக்குழாய் இல்லை. முகம் நீலம் பாரித்திருந்தது.

"பட்டி! பட்டியக் கழட்டுங்க!" என்று கத்திக்கொண்டே துரை கொளுக்கியைத் தட்டினார். அது திறந்தது; ஈயம் கழன்று போனால் ஆள் தானாக மிதக்கும். ஆனால் ஈயப்பட்டி இடுப்பைவிட்டு நழுவி, நூலில் தொங்கி, நங்கூரம்போல ஆளைக் கீழே இழுத்தது. பட்டியோடு தொங்கிய கத்தியைத் துரை பிடுங்கினார். அது உறையைவிட்டு வரவில்லை. ஒரு அலை வந்து இருவரையும் மூடியது.

"அருளப்பு! வெட்டுடா!"

அருளப்பு வள்ளத்தில் கிடந்த மீன் வெட்டும் கத்தியோடு குதித்தான். தண்ணீருக்குள் நூலைத் தடவித் தடவி அறுத்தான். நனைந்த முடிச்சுகள் கல்லாய் இறுகியிருந்தன. அவன் கட்டியவைதானே. கடைசி இழை அறுந்ததும் ஈயம், டோச், கத்தி எல்லாம் சேர்ந்து இருட்டுக்குள் போயின. வள்ளத்தில் ஏற்றிக் குப்புறப் போட்டதும் பிரக்கிராசியார் உப்புத்தண்ணீராக வாந்தி எடுத்தார். உயிர் திரும்பியது.

"ஆருடா உன்னக் கட்டச் சொன்னது? பைத்தியமா உனக்கு?"

"துலஞ்சிரும் எண்டுதான், துரை..."

வேர்னன் துரை அவனையும் அவன் உமலையும் ஒருதரம் பார்த்தார். பிறகு திரும்பி எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பிரக்கிராசியார் துவாயைப் போர்த்திக்கொண்டு இங்கிலீசில் இரண்டு வார்த்தை சொன்னார். துரை அருளப்புவின் பக்கம் வந்தார். "இனி வராத, அருளப்பு. ஓராளக் கொல்லப் பாத்த எண்டு சொல்லுறார்."

போன கிழமை செய்யாத ஒன்றுக்குத் தலைகுனிந்தான். இது அவன் தன் கையால் செய்தது. கூட்டத்தில் மக்டலின் நிற்கிறாளா என்று நிமிர்ந்து பார்க்கவும் பயமாக இருந்தது.

துரை வள்ளத்தருகே நின்ற மத்தேயுவிடம் போனார். "நாளைக்கு வேற ஆக்கள் வாறாங்க. நீ வாறியா?"

மத்தேயு மச்சானைப் பார்த்தான். அவனுக்கும் மாரியிலிருந்து தொழில் இல்லை. வீட்டில் கைப்பிள்ளை வேறு.

"வாறன், துரை."

"ஒண்டையும் கட்டிப்போடாத. விளங்கிச்சா?"

"ஓம், துரை."

"ஒண்டும் துலையவும் கூடாது."

மத்தேயு தலையாட்டினான். மிச்சமிருந்த கண்ணாடிகளையும், குழாய்களையும், காலில் மாட்டும் ரப்பர்ச் செட்டைகளையும் இரண்டு கையாலும் அள்ளி, நெஞ்சோடு அணைத்து, மேலே நாடியை வைத்து அழுத்திக்கொண்டு துரையின் ஜீப்பை நோக்கி நடந்தான். பாதி வழியில் ஒரு செட்டை நழுவி மணலில் விழுந்தது. குனிந்தால் மற்றவை விழும். அவன் அப்படியே நின்றான்.

அருளப்பு பழக்கத்தில் ஓரடி வைத்துக் கையை நீட்டினான். ஜீப்பில் இருந்த பிரக்கிராசியார் திரும்பி அந்தக் கையைப் பார்த்தார். அருளப்பு கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.