பூதத்தின் வீணீர்

பறைக்காரர் களைப்பாற உட்கார்ந்த நேரம் பார்த்துத்தான் அந்த லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் படலையைத் தாண்டி உள்ளே வந்தது. பின்பெட்டியில் ஒரு ரீவி, கசற் போட்டுப் படம் பார்க்கிற ஒரு டெக், ஜெனறேற்றர். ஓட்டி வந்த தம்பையாவுக்குச் செத்த வீட்டைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று.

"அக்கா, சனிக்கிழமை பத்து மணிக்கெண்டு நீங்கள்தானே சொன்னனியள்…"

சொன்னவள் இராசேஸ்வரிதான். வியாழக்கிழமை தம்பி பரராசசிங்கம் உயிரோடு இருந்தான். இத்தாலியிலிருந்து கூட்டாளி அனுப்பிய கசற் அன்றுதான் வந்தது. "நான் வேலை செய்த படத்தை எப்பிடி எடுத்தவங்களெண்டு காட்டுற கசற் அக்கா. பாக்கவேணும்" என்றான். வாடகை டெக்குக்குச் சொல்லியனுப்பினாள். வெள்ளி விடிய ஆள் முடிந்துபோனான். அழுகிற வீட்டில் டெக்கை மறிக்க யாருக்கு நினைவு வரும்?

கப்பலில் போனவன் இத்தாலியில் இறங்கி, ஏழு வருடமாக மலிவுப் பேய்ப்படங்களுக்கு வேற்றுக்கிரகத்துப் பூதங்கள் செய்தானாம். வேலணை ஊரே சிரித்தது. கோப்பை கழுவிவிட்டு வந்து அளக்கிறான் என்றார்கள்.

இராசேஸ்வரியின் மனக்குறை வேறு. ஆறு மாதத்துக்கொரு முறை, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா கேட்டு எழுதுவான். அவளும் பழைய சேலையில் பை தைத்து, மாவை அரித்து அனுப்புவாள். அப்படிக் கேட்டவன், நோயோடு திரும்பி வந்த பிறகு அவள் அதே மாவில் காய்ச்சிய கூழைத் தொடவேயில்லை. "வேண்டாமக்கா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான். வெளிநாட்டுச் சாப்பாடு கண்டவனுக்கு அக்காவின் கை கசந்துவிட்டதா? அனுப்பிய மாவையெல்லாம் குப்பையில் கொட்டினானா? கேட்க முதலே போய்விட்டானே, பாவி!

"திருப்பிக் கொண்டுபோ" என்றார் அவள் புருஷன் ஏரம்பு.

"நிக்கட்டும். மடத்துவெளிச் சொந்தச் சனம் வராமல் பிரேதம் எடுக்கேலாதுதானே."

"உமக்கென்ன விசரே? பிரேதத்தை வைச்சுக்கொண்டு படமோ?"

"ஓம். அவன்தானே பாக்கவேணுமெண்டவன்."

பிரேதத்தின் கால்மாட்டில் ரீவியை வைத்தார்கள். ஒப்பாரி வைத்த பெண்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்கள்.

பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வேலை விளங்கியது. முட்டை அடுக்குகிற மட்டைகளுக்கு வெள்ளிப் பூச்சுப் பூசி, விண்கலத்தின் சுவர் என்றார்கள். ஒரு மேசை விசிறி, ரெண்டு மூடை சீமெந்துத் தூள். அதுதான் வேற்றுக்கிரகத்துப் புயல்.

"அட, விண்ணன்மார்!" என்று ஏரம்புவே வாய்விட்டார்.

பிறகு பரராசசிங்கம் வந்தான். கொழுத்த கன்னத்தோடு, பெரிய கிடாரத்துக்கு முன்னால் நின்று துழாவினான். யாரோ ஏதோ கேட்க, இத்தாலிப் பாஷையில் மளமளவென்று பதில் சொன்னான். சனம் வாயைப் பிளந்தது. அவன் ஒரு பையைத் தூக்கிக் கொட்டினான்.

"ஐயோ, அது என்ரை சேலை!" என்று இராசேஸ்வரி கத்தினாள்.

காய்ச்சிய மாவை இறப்பர்ப் பூதத்தின் வாயில் ஊற்றினான். அது பல்லெல்லாம் நனைத்து, நூல் நூலாக வீணீராய் வடிந்தது. பார்த்தவர்களுக்கு அருவருத்தது. டைரக்டர் அதை விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, அவனைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். செத்த வீட்டுச் சனம் கொல்லென்று சிரித்தது.

கடைசியில் வேலை முடிந்து எல்லோரும் நிலத்தில் வட்டமாக இருந்தார்கள். இன்னொரு சட்டியில் நண்டுக்கால் தெரியச் சிவந்த கூழ். பரராசசிங்கம் மட்டையைப் பனையோலைப் பிளா மாதிரி மடித்து ஊற்றிக் கொடுத்தான். பூதத்துக்குள் இருந்தவன் தலையைக் கழற்றி வைத்துவிட்டுக் குடித்தான். கடைசியாகப் பரராசசிங்கம் சட்டியையே வழித்து நக்கினான்.

"அப்ப ஏன்ராப்பா என்ரை கூழைத் தொடேல்லை?" பிரேதத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

ஏரம்பு அவளருகே குனிந்தார். "உறைப்புப் பட்டாலே தொண்டை நெருப்பாய் எரியுதெண்டவன். ஒண்டும் இறங்கேல்லை. அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, காய்ச்சிறதை விட்டிடுவா, எனக்கு அந்த வாசமாவது வேணும் எண்டு கையைப் பிடிச்சவன்."



மடத்துவெளிச் சனம் வந்திறங்கியது. பறை மறுபடி முழங்கியது. கையில் அரிசியைக் கொடுத்து இராசேஸ்வரியை வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். அவள் குசினிக்குள் போனாள். பிரேதம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டக்கூடாது, கூழ் காய்ச்ச வழியில்லை. ஒடியல் மா ரின்னைத் திறந்து ஒரு பிடி அள்ளி, கையிலிருந்த அரிசியோடு கலந்துகொண்டு வந்தாள்.

உதட்டில் அரிசி நிற்காமல் உருண்டது. மா மட்டும் ஒட்டியிருந்தது. யாரோ துடைக்கக் கை நீட்ட, அவள் மறித்தாள்.

"இருக்கட்டும்."