அமைதி மூலை

...அப்படியானால் இந்த வகுப்பில் ஏன் ஒரு சத்தமும் இல்லை, பதினெட்டுப் பிள்ளைகள், எல்லாம் நான்கு வயது, நியாயமாகப் பார்த்தால் அறையே இரண்டுபட்டிருக்க வேண்டும், குண்டூசி விழுந்தால் கேட்கும் போலிருக்கிறதே என்று நினைத்தபடி பயிற்சியாளர் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் மதிப்பீட்டுப் படிவம். இதைப் பார்த்துத்தான் மேலிடம் நாற்பது பள்ளிகளுக்கும் திட்டத்தைக் கொடுக்கப்போகிறது. காது கேட்காத பிள்ளை, நடக்க வராத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, எல்லாரும் ஒரே வகுப்பில்... ஆறு வருஷ உழைப்பு, கனவுலயும் பாடம் நடத்துறியே என்று வீட்டுக்காரர் கேலி செய்கிற அளவுக்கு. சத்தமில்லாவிட்டால் நல்லதுதானே? இல்லையா? அந்த இளம் டீச்சர் சிரிக்கிறாள், இவள் நடத்திய பயிற்சியில் முதல் வரிசை, இவள் இருமினால்கூட எழுதிக்கொள்ளும் ரகம். அது சரி, விசில் எங்கே?

விசில் என்பது பேச்சு வராத அந்தச் சின்னப் பெண், போன வருஷம் அவள் போட்ட கீச்சலில் வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார், அன்றிலிருந்து அந்தப் பெயர். அவளை மனதில் வைத்துத்தான் அமைதி மூலையே உண்டானது, ஒரு மெத்தை, இரண்டு தலையணை, நீலத் திரை, இரைச்சல் தாங்காத பிள்ளை தானே போய் ஒதுங்கி, தானே திரும்பி வர. இதோ, ஜன்னலோரம் கட்டைகளை அடுக்கிக்கொண்டு... நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். அவ்வளவுதான். கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள், எழுந்தாள், யாரும் போகச் சொல்லவில்லை, நேராக மூலைக்குப் போய் உள்ளேயிருந்து திரையை இழுத்துக்கொண்டாள். ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாராவது வந்தா அவளே போயிடுவா மேடம், சொல்லவே வேண்டாம்" என்றாள் டீச்சர் பெருமையாக.

"எப்போ வெளிய வருவா?"

"மத்தியானம் அவங்க அம்மா வரும்போது."

"நடுவுல நீ கூப்பிட மாட்டியாம்மா?"

"அன்னிக்கு நீங்க கூப்பிடலையே மேடம்." குத்தலே இல்லை, பாடம் ஒப்பிக்கிற குரல்.

அன்றைக்கு... மாதிரி வகுப்பு, நாற்பது டீச்சர்களும் நோட்டும் கையுமாகச் சுவரோரம், மேலிடத்து ஆட்கள் வாசலுக்கு வரவும் விசில் கீச்சிடவும் சரியாக இருந்தது, ஒரே நிமிஷம்டா கண்ணு என்று இவள்தானே கைபிடித்துக் கூட்டிப்போய்த் திரையை இழுத்தாள், பிறகு கைதட்டல், புகைப்படம், டீ, அந்த ஒரு நிமிஷம் எங்கே போனது? மத்தியானம் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள். மூன்று நாள் பயிற்சியில் வாய் வலிக்கச் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று, கையால் செய்த இந்த ஒன்றை நாற்பது பேரும்... நாற்பது வகுப்பு, நாற்பது திரை. ஐயோ.

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, குழந்தை தானாக மூலைக்குச் செல்கிறதா? ஆம் என்றால் முழு மதிப்பெண். தானாகத்தானே போனாள், பொய் இல்லையே... பேனா அங்கேயே நின்றது. வெளியே வருவதைப் பற்றி அடுத்த கேள்வி இருக்கும், இருந்தாக வேண்டும், தாளைத் திருப்பினாள், முன்பக்கம் பார்த்தாள், மறுபடி பின்பக்கம். அப்படி ஒரு கேள்வியே இல்லை. படிவத்தை எழுதியது இவள்தான்.