கூலி கேட்கும் நோய்

மேஸ்திரி ஏகாம்பரம் சித்தாள் கோசலைக்குத் தரவேண்டியது ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அது கடனா, அவளுக்கு வந்த நோயா என்பதில் போன செவ்வாய்க்கிழமை சந்தேகம் வந்துவிட்டது. தீர்த்துச் சொல்ல நோய் வகைக் குழு கூடியது. கோசலையையும் வரச்சொல்லிக் கடுதாசி போட்டார்கள்.

குழு இருந்தது அவள் கலவைச்சட்டி சுமந்து கட்டின அதே கட்டடத்தில். வாசலில் காவலாளி அவளுடைய பைலைக் கொடுத்தான். எட்டுச் செங்கல் கனம்.

"கீழ வச்சா கேஸ் தள்ளுபடி," என்றான்.

கோசலை தலையில் வைத்துக்கொண்டாள். வலது கை தானாக மேலே போய்ப் பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு வருசப் பழக்கம்.

அவள் கட்டினபோது மூன்று மாடி. இப்போது ஏறினால் பதினொன்று வந்தது. அவள் காலை வைக்க வைக்கப் படி முளைத்தது.

மேலே நீள மேசை. எட்டு உறுப்பினர்கள். நடுவில் செயலாளர் அம்மா, முன்னால் தடிப் புத்தகம். மேஸ்திரி உத்தரத்திலிருந்து நூலில் தொங்கினார். அவர் தூக்குக்குண்டாகி ஒரு மாதம் ஆகிறது. சுவர் நேராக இருக்கிறதா என்று தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்த இரும்புக்குண்டு. மீசை மட்டும் பழையபடி இருந்தது.

"சாஞ்சி நிக்கிறா பாருங்க," என்றார். "அரை இஞ்சு."

"நான் சாயல. கட்டடம் சாஞ்சிருக்கு. சிமெண்டத் தின்னவன் நீ."

"எதிர்த்துப் பேசறது. ஒண்ணு," என்று செயலாளர் அம்மா குறித்துக்கொண்டாள். "எத்தன நாளா பாக்கி கேக்கற?"

"ஆறு மாசமா."

"விடாம கேக்கறது. ரெண்டு. ராத்திரி தூக்கம்?"

"வரல. பசி."

"மூணு. நாலு. ஒம்போது அறிகுறியில அஞ்சு இருந்தா நோய்."

"நாலுதான் இருந்தா?"

"சுபாவம்."

"நாலரை?"

"அப்படி யாரும் வந்ததில்ல."

கோசலைக்குக் கழுத்து கடுத்தது. "ஏம்மா, கேக்கறவளுக்கு நோவுன்னா, குடுக்காதவனுக்கு என்னா?"

செயலாளர் அம்மா புத்தகத்தைப் புரட்டினாள். "குடுக்காம இருக்கறது இதுல இல்ல. நோய்னா அவஸ்தை இருக்கணும். மேஸ்திரி, உங்களுக்கு அவஸ்தை இருக்கா?"

"சொகமா இருக்கேங்க," என்று மேஸ்திரி லேசாக ஆடினார்.

"பொஸ்தகத்த யாரு எழுதுனா?"

"நாங்கதான். கை தூக்கி. போன வருசம் வரைக்கும் மழையில சிரிக்கறது நோய். ஒரு நாள் கை தூக்கி எடுத்துட்டோம். மத்தியானத்துக்குள்ள நாலாயிரம் பேருக்குக் குணமாயிடுச்சு." அவள் எழுந்து நின்றாள். "கூலி கேக்கறது நோய்தான்னு சொல்றவங்க கை தூக்குங்க."

நாலு கை எழுந்தது. மற்ற நாலு பேரும் அது நோயில்லை, வெறும் திமிர் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள்.

செயலாளர் அம்மா எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." கோசலையைப் பார்த்தாள். "அஞ்சு."

"ஐயோ, இது சொம தாங்குற கை!"

"கைன்னா கைதான்."

கையை இறக்கினால் பைல் விழும். கேஸ் போய்விடும். இறக்காவிட்டாலும் போகும். கோசலை இடது கையால் தாங்கிப் பார்த்தாள். வலது கை அசையவில்லை. இருபத்திரண்டு வருசமாக அது ஒரு சுமையையும் போட்டதில்லை.

"தானே ஒத்துக்கிட்டா. தீர்மானம் நிறைவேறிச்சு," என்றாள் செயலாளர் அம்மா.

"அப்ப என் காசு?"

"அதுதான் உன் நோய்."

செயலாளர் அம்மா சிவப்பு மையைத் தொட்டு, ஆறாயிரத்து முந்நூற்று நாற்பதின் மேல் ஒரு கோடு இழுத்தாள். மை காயும்வரை ஊதினாள். மேஸ்திரி ஆடாமல் நின்றார்.

"இப்ப நேரா நிக்கிறா," என்றார்.

கோசலை பைலோடு படி இறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு குழு கூடியிருந்தது. கதவைத் திறந்து வைத்து, போகிறவளுடைய கையையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்கள்.